தெருமாடும் கேரி பேக்கும்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டில் எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும், குப்பையில் தலையை விட்டுக்கொண்டு ஒரு மாடாவது நிற்கும். அதைப் பார்த்து நம் ஆட்கள் கேட்கும் கேள்விகளும், யாரும் கேட்காமல் விட்டுவிடுகிற சில கேள்விகளும் இங்கே இருக்கின்றன. பதிலில் அங்கங்கே கோபம் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடு ஏன் கவரைத் தின்கிறது? புல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் தெரியாதா?

நன்றாகவே தெரியும். வெறும் கவர் கிடந்தால் பெரும்பாலான மாடுகள் முகர்ந்துவிட்டுப் போய்விடும். அவை தேடி வருவது கவருக்குள் இருக்கும் சோறு, காய்த்தோல், பழைய இட்லி. மீந்ததை எல்லாம் ஒரு கேரி பேக்கில் கொட்டி, வாயை இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டுத் தெருமுனையில் எறிகிறவர்கள் நாம்தான். முடிச்சை அவிழ்க்க மாட்டுக்குக் கையா இருக்கிறது? சோறு வேண்டுமானால் கவரோடு விழுங்க வேண்டியதுதான்.

மாடு தின்னும் விதமும் இதற்குத் தோதாகிவிட்டது. அதற்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. நாக்கைச் சுழற்றி ஒரு வாய் பிடித்து இழுத்து, அரைகுறையாக மென்று உள்ளே தள்ளிவிடும். நிதானமாக மெல்லுவதெல்லாம் பிறகு, நிழலில் படுத்து அசைபோடும்போதுதான். ஆடு உதட்டால் இலை இலையாகப் பொறுக்கும். மாட்டு உதட்டுக்கு அந்த நெளிவு கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. தீவனத்தில் தாது உப்பு, குறிப்பாகப் பாஸ்பரஸ், குறைந்துபோன மாடு துணி, எலும்பு, கவர் என்று கண்டதையும் சப்பத் தொடங்கும். கோடையில் கண்மாய்க்குள் சீமைக்கருவேல் மட்டும் பச்சையாக நிற்கும் நம் வட்டாரத்தில், கடைத்தெருவை நம்பி வாழும் மாட்டுக்கு இந்தக் குறைபாடு வருவதில் ஆச்சரியமில்லை. அப்படிப்பட்ட மாடு வெறும் கவரையும் தின்னும். ஆனாலும் முதல் குற்றவாளி முடிச்சுப் போட்ட சோற்றுக் கவர்தான்.

தின்ற கவர் சாணியோடு வெளியே வந்துவிடாதா?

வராது. எப்போதாவது ஒரு துண்டு வந்தால் உண்டு; எல்லாச் சங்கடமும் இங்கேதான் இருக்கிறது.

மாட்டுக்கு வயிறு நான்கு அறைகள். முதல் அறை பெரியது, வளர்ந்த பசுவுக்கு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். தின்ற வைக்கோலும் புல்லும் அங்கே கிடந்து, கோடிக்கணக்கான நுண்ணுயிர்களால் நொதித்து, மறுபடி வாய்க்கு வந்து அசைபோடப்பட்டு, சில மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியான பிறகுதான் அடுத்த அறைக்குப் போகும் வழி திறக்கும். ஒரு வடிகட்டிதான் அது. வைக்கோல் பொடியாகும், பாலிதீன் பொடியாகாது. அந்த நுண்ணுயிர்கள் எதனாலும் அதைச் செரிக்க முடியாது. கீழேயும் போகாமல், மேலேயும் வராமல், பெரும்பாலும் போனது போன இடத்திலேயே தங்கிவிடும்.

அடுத்த நாள் இன்னொரு கவர். அதற்கடுத்து ஒரு சணல் கயிறு, பூ கட்டிய நார், சாக்குப் பையின் இழை. வயிறு ஓயாமல் சுருங்கி விரிந்து எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டே இருப்பதால் இவை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, பிழியாத துணி மூட்டை மாதிரி ஒரு கட்டியாகிவிடும். கட்டி வளர வளரத் தீவனத்துக்கு இடம் குறையும். மாட்டுக்கு வயிறு நிறைந்த உணர்வு மட்டும் இருக்கும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. வெளியிலிருந்து பார்த்தால் வயிறு பெருத்து, முதுகெலும்பும் விலாவும் துருத்திக்கொண்டு தெரியும். "சினையா இருக்கு போல" என்று சொல்லிக்கொண்டு கடந்துவிடுவோம்.

நொதிக்கும்போது உண்டாகும் வாயுவை மாடு ஏப்பமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கட்டி அந்த வழியை அடைத்துவிட்டால் வயிறு ஊதி, நுரையீரலை நெருக்கி, சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

கவரோடு போகும் கம்பி, ஊசி, ஆணி தனிக்கதை. கனமானவை இரண்டாவது அறையில் போய்த் தங்கும். அந்த அறைக்கு முன்னால், உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம் இதயம் இருக்கிறது. வயிறு சுருங்கும் வேகத்தில் கம்பி அதைக் குத்திவிடுவதும் உண்டு.

ஒரு மாட்டு வயிற்றில் எவ்வளவுதான் சேரும்?

2019 அக்டோபரில் சென்னையை அடுத்த திருமுல்லைவாயிலைச் சேர்ந்த ஒரு பசுவுக்கு, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். 2021 பிப்ரவரியில் அரியானாவின் ஃபரிதாபாதில் ஒரு சினைப்பசுவின் வயிற்றிலிருந்து 71 கிலோ வந்தது. கன்றும் பிழைக்கவில்லை, பசுவும் பிழைக்கவில்லை. ஒரு கேரி பேக் சில கிராம்தான் இருக்கும். 52 கிலோ சேர எத்தனை வீட்டுக் கவர்கள் தேவை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இது செய்தியானதால் நமக்குத் தெரிந்தது. புட்டபர்த்தியில் இயங்கும் கருணா சொசைட்டி என்ற விலங்குநல அமைப்பு, இப்படி அறுவை செய்து பிளாஸ்டிக்கை எடுத்த மாடுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் 2012இல் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போனது.

வயிற்றில் பிளாஸ்டிக் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆரம்பத்தில் தெரியவே தெரியாது. மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் மாடு அதைச் சுமந்துகொண்டு நடமாடும். பிறகு தீவனத்தைத் தொட்டுவிட்டு ஒதுங்கும், அசைபோடுவது குறையும், பால் இறங்கும், அடிக்கடி லேசாக வயிறு உப்பி வடியும், சாணி கொஞ்சமாகவோ இறுகலாகவோ வரும். கால்நடை மருத்துவர் இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கையை வைத்து, வயிறு சுருங்கும் வேகத்தையும் உள்ளே இருக்கும் பொருளின் தன்மையையும் பார்ப்பார். நல்ல மாட்டுக்கு அங்கே அழுத்தினால் பிசைந்த மாவு மாதிரி அமுங்கும். இதெல்லாம் வீட்டு மாட்டுக்குச் சரி. தெருவில் திரிகிற மாட்டை யார் தொட்டுப் பார்க்கிறார்கள்?

ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமே?

செய்யலாம். பல மாடுகள் அப்படிப் பிழைத்திருக்கின்றன. மாட்டை நிற்கவைத்தே, இடது விலாப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, தோலையும் தசையையும் வயிற்றுச் சுவரையும் திறந்து, தோள்வரை கையை விட்டுக் கொத்துக் கொத்தாக உருவி எடுப்பார்கள். உள்ளிருந்து சிந்துவது வயிற்றறைக்குள் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கினால் சீழ்பிடித்து மாடு போய்விடும். பிறகு நாள்கணக்கில் மருந்து, பத்தியத் தீவனம், ஈ மொய்க்காத இடம் வேண்டும். செத்துப்போன செரிமான நுண்ணுயிர்களை மீட்க, நல்ல மாட்டின் முதல் வயிற்று நீரை எடுத்துக் கொடுப்பதும் உண்டு.

ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருக்கும் மாடு இதைத் தாங்குமா என்பது முதல் சந்தேகம். தாங்கிக்கொண்டு தேறி, அதே தெருமுனைக்கே திரும்பிவந்தால் மறுபடி என்ன ஆகும் என்பது இரண்டாவது. ஆபரேஷனைத் தீர்வாகப் பேசுகிறவர்கள் இரண்டாவதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆடு, நாய், மயில் இவற்றுக்கும் இதே கதிதானா?

ஆடும் அசைபோடும் பிராணிதான். பொறுக்கித் தின்பதால் கொஞ்சம் தப்பிக்கிறது. ஆனால் அதன் வயிறு சிறியது என்பதால் நாலைந்து கவரே அடைத்துவிடப் போதும்.

நாய்க்கு வயிறு நம்மைப் போல ஒரே அறை. கறிக்கடை ரத்தம் ஒட்டிய கவரை விழுங்கினால் சில நேரம் வாந்தியாக வந்துவிடும், சில நேரம் குடலில் போய் அடைக்கும். நூலும் நாடாவும் கவரை விட மோசம். ஒரு முனை எங்காவது மாட்டிக்கொண்டால் குடல் அதன்மேல் சுருக்கம் சுருக்கமாக ஏறி அறுபட்டுவிடும். குழந்தைகளின் டயப்பரையும் நாப்கினையும் நாய்கள் பிய்த்துத் தின்பதைக் காலையில் எழுந்து வாசல் தெளிக்கிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவற்றுக்குள் இருக்கும் ஜெல் ஈரம் பட்டால் ஊதுகிற சரக்கு.

வயல் ஓரத்துக் குப்பையில் மயில் மேய்வதும் இங்கே சாதாரணக் காட்சியாகிவிட்டது. மாஞ்சா நூலோ மீன்வலைத் துண்டோ காலில் சுற்றினால் பறவைக்குக் கால் போய்விடும்.

இந்த மாடுகள் எல்லாம் அநாதைகளா? யாருக்கும் சொந்தமில்லையா?

பாதிக் கேள்விக்குப் பதில் அதிகாலையில் கிடைக்கும். பால் கறக்கிற நேரத்தில் இவற்றில் பல எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். கறந்ததும் அவிழ்த்துவிடுகிறார்கள், ஊர்க் குப்பை தீவனச் செலவை மிச்சப்படுத்துகிறது. பால் அவர்களுக்கு, பிளாஸ்டிக் மாட்டுக்கு. கறவை நின்றதும் ராத்திரிக்கும் தேடி வர ஆளிருக்காது.

கட்டாமல் விடும் மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைத்து அபராதம் வாங்க உள்ளாட்சி அமைப்புகளுக்கு அதிகாரம் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டமே இன்னும் நடப்பில்தான் உள்ளது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இன்படி போதிய தீவனம் கொடுக்காமல் விடுவதும் குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அதில் சொல்லியிருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு கட்டு வைக்கோல் விலைக்குக் கூட வராது.

கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை வேறு வகை. சிவகங்கைச் சீமையில் கோயில் மாட்டுக்கு இருக்கும் மரியாதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. சிராவயல் மஞ்சுவிரட்டில் முதலில் அவிழ்ப்பது கோயில் மாடாகத்தான் இருக்க வேண்டும், செத்தால் மேளத்தோடு அடக்கம், எல்லாம் உண்டு. தைமாதத்தில் மாலை போட்டுக் கும்பிடுகிற அதே மாட்டை ஆனி ஆடியில் குப்பை மேட்டில் பார்த்தால் கும்பிட்ட யாரும் நின்று பார்ப்பதில்லை. எத்தனை கும்பிட்டு என்ன, ஒரு கட்டுத் தீவனப்புல் போடுவதற்கு ஊரில் முறை வைத்துக்கொள்ளலாமே.

சரி, கவர் வேண்டாம். மீந்த சோற்றை அப்படியே மாட்டுக்குப் போட்டுவிடலாமா?

புண்ணியம் என்று நினைத்துப் பலர் செய்யும் தவறு இது. ஒரு கைப்பிடி பரவாயில்லை. அண்டா நிறைய மீந்த சோற்றைக் கொண்டுபோய்க் கொட்டினால் மாடு மூச்சுவிடாமல் தின்னும். வெந்த சோறு முதல் வயிற்றில் வேகமாக நொதித்து அமிலமாகும். அந்த அமிலம் வயிற்றை நிறுத்திவிடும், ரத்தத்தில் ஏறும், மாடு தள்ளாடிப் படுத்துவிடும். ஓரிரு நாளில் செத்தும் போகும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவமனைகளில் கூட்டம் கூடுவது இதனால்தான்: அன்பாக ஊட்டிய பொங்கல்.

காய்த்தோல், கீரைத்தண்டு, வாழையிலை, பழத்தோல் கொடுக்கலாம். சோற்றைக் கொஞ்சமாக, வைக்கோலுடன் சேர்த்து. நிறைய மீந்தால் மக்கும் குப்பையில் போடுங்கள். அதைவிட நல்லது, கொல்லையில் ஒரு குழி.

விசேஷ வீடுகளில் என்னதான் செய்வது? ஐந்நூறு இலை விழும் இடத்தில் எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்?

இந்தக் கேள்விக்குச் செட்டிநாட்டில் நீளமாகப் பதில் சொல்லத்தான் வேண்டும். சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் கல்யாணம், சாந்தி, அறுபது என்று பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நாலு நாள் ஊரைக் கூட்டுவார்கள். பந்தி பந்தியாகச் சாப்பாடு. ஐந்தாம் நாள் வீடு மறுபடி பூட்டு. குப்பை மட்டும் தெருவில்.

பந்தியில் வில்லன் இலை இல்லை; அது மாட்டுக்கு நல்ல தீவனம். வில்லன் இலைக்கு அடியில் மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் ரோல். சாப்பிட்டு எழுந்ததும் பரிமாறுகிறவர்கள் இலை, மிச்சச் சோறு, தண்ணீர்க் கப், டிஷ்யூ, ஐஸ்கிரீம் கரண்டி எல்லாவற்றையும் அந்த ரோலோடு சேர்த்துச் சுருட்டி ஒரே இழுப்பில் மூட்டையாக்கிவிடுவார்கள். அவர்களுக்கு மேசை துடைக்கும் வேலை மிச்சம். அந்த மூட்டை அப்படியே மண்டபத்துக்குப் பின்னால் போகும். இலை வாசத்துக்கு மாடு வரும். இலையை இழுத்தால் ரோலும் கூட வரும்.

சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் தமிழ்நாட்டில் 2019இலிருந்து தடை. உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் அதே பட்டியலில்தான். கேட்டரிங்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே "ரோல் வேண்டாம், பூச்சில்லாத காகிதம் போடுங்கள், இல்லாவிட்டால் மேசையைத் துடையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர். நம் வீடுகளின் சாமான் அறையில் பெட்டி பெட்டியாக டம்ளர் அடுக்கி வைத்திருக்கிறோம். பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த டம்ளரை வெளியே எடுக்காமல், கடையில் காகிதக் கப் வாங்குவதில் என்ன பெருமை இருக்கிறது என்று தெரியவில்லை. பந்தி எடுக்கும் இடத்தில் இரண்டு கூடை: ஒன்றில் இலையும் சோறும், இன்னொன்றில் மற்றதெல்லாம். ஒரு ஆளுக்கு அரைநாள் கூலி கூடுதலாக ஆகும். பூ அலங்காரச் செலவில் அது தெரியக்கூடத் தெரியாது.

தாம்பூலப் பையும் யோசிக்க வேண்டியதுதான். ஆச்சிமார் பனையோலையில் முடைந்த கொட்டான் புவிசார் குறியீடு வாங்கிய பொருள். அது விலை அதிகம் என்றால் மஞ்சப்பை இருக்கிறது.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையிலும், வழிநெடுக அன்னதானம் கொடுக்கிறவர்கள் இதையே கவனித்தால் போதும். தொன்னையில் கொடுங்கள். பொட்டலம் என்றால் இலையும் பூச்சில்லாத காகிதமும். சாலையோரப் புல்லில் விழுந்த சாம்பார் கவர் யாத்திரை முடிந்தும் மாசிவரை அங்கேயேதான் கிடக்கும்.

தடைதான் இருக்கிறதே, இன்னும் எப்படிக் கடையில் கேரி பேக் கிடைக்கிறது?

தடை இருப்பது உண்மை. 2018 ஜூனில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. இதில் ஒரு நுணுக்கம் கடைக்காரர்கள் பலருக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறார்கள். மத்திய அரசின் விதி 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைவான பையைத்தான் தடுக்கிறது. தமிழ்நாட்டு ஆணையோ எந்தத் தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கேரி பேக் கூடாது என்கிறது. "இது 120 மைக்ரான் சார், கவர்மெண்டே ஓகே பண்ணது" என்று நீட்டினால் அது இங்கே செல்லாது.

துணி மாதிரி மெத்தென்று, ஜவுளிக்கடைப் பெயர் அச்சடித்து வரும் பை இருக்கிறதே, அதுவும் துணி கிடையாது. பாலிப்ரொப்பிலீன் இழையை ஒட்டிச் செய்தது. பட்டியலில் அதுவும் உண்டு. ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டினால் சுருண்டு உருகும்; பருத்தி என்றால் சாம்பலாகும்.

அபராதம் தெருக்கடைக்கு 100 ரூபாயில் தொடங்கி, சேமித்து வைத்து விற்பவருக்கு 1 லட்சம் வரை போகும். சோதனை வரும் வாரம் கவர் கல்லாவுக்கு அடியில் போகும், அடுத்த வாரம் மேலே வரும். காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. ஆட்பலம் கூடினால் சோதனையும் கூடும் என்று நம்பலாம். ஆனால் கடைக்காரரை மட்டும் குறைசொல்வது சரியில்லை. "கவர் இல்லையா? அப்ப பக்கத்துக் கடையில வாங்கிக்கிறேன்" என்கிற வாடிக்கையாளர் இருக்கும்வரை அவர் என்ன செய்வார்? 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் இந்த வாடிக்கையாளரைக் குறிவைத்ததுதான். 10 ரூபாய் போட்டால் பை வரும் இயந்திரங்களும் பல ஊர்களில் வைத்தார்கள். பை வாங்குவது சுலபம், வீட்டை விட்டுக் கிளம்பும்போது எடுத்துக்கொள்வதுதான் கஷ்டம். பைக்கின் பெட்டிக்குள் இரண்டை நிரந்தரமாகப் போட்டுவைப்பது நல்லது.

மக்கும் பை என்று விற்கிறார்களே, அது மாட்டுக்கு ஆபத்தில்லையா?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று உள்ள மக்கும் பையும் உரக்கூடத்துச் சூட்டிலும் ஈரத்திலும் மக்குவதற்காகச் செய்தது. அதற்கும் வாரக்கணக்கில் ஆகும். மாட்டு வயிறு அதற்குக் காத்திருக்காது. சான்று இல்லாமல் பச்சை இலைப் படம் மட்டும் போட்டிருந்தால் பேச்சே வேண்டாம்.

கறி, மீன், மாவு, சாம்பார் இவற்றுக்குக் கவர் இல்லாமல் முடியுமா?

முடியும். முப்பது நாற்பது வருடம் முன்புவரை முடிந்தது. தூக்குச்சட்டி கொண்டுபோய் மாவு வாங்கினோம். கறி தேக்கிலையிலோ தாமரை இலையிலோ வந்தது. கறிக்கடையில் டப்பாவை நீட்டினால் இப்போதும் யாரும் முகம் சுளிப்பதில்லை. தராசில் டப்பா எடையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ஓட்டல் பார்சல்தான் உண்மையான தலைவலி. ஒரு இட்லிப் பார்சலில் சாம்பாருக்கு ஒன்று, சட்னிக்கு இரண்டு என்று குட்டிக் குட்டிக் கவர்கள். உப்பும் எண்ணெயும் ஊறிய இந்தக் குட்டிகளைத்தான் நாயும் மாடும் முதலில் தேடும். பலகாரக் கடைகளுக்கும் ஒரு வார்த்தை: சீப்புச்சீடையும் மாவுருண்டையும் வெளியூர் போவதற்கு இறுக்கமான உறை வேண்டும் என்பது புரிகிறது. உள்ளூரில் கால் கிலோ வாங்குகிறவருக்கும் அதே உறை எதற்கு?

பால் பாக்கெட்?

பால், தயிர், எண்ணெய் உறைகளுக்கு 2018 ஆணையில் விலக்கு தரப்பட்டது. பாக்கெட்டின் மூலையை முழுதாகத் துண்டித்துப் போடாதீர்கள். அந்தச் சின்ன முக்கோணத்தை யாரும் பொறுக்க மாட்டார்கள். மூலை ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டி, கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர்க் கடையில் எடுத்துக்கொள்வார்கள்.

ஊரணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நம் ஊர்களைக் கட்டியவர்கள் ஓட்டுக் கூரையில் விழும் மழையை வளவுக்குள், அதாவது வீட்டு முற்றத்துக்குள், இறக்கி, தெரு வாய்க்கால் வழியாக ஊரணிக்குப் போய்ச் சேரும்படி வாட்டம் பார்த்து அமைத்தார்கள். இன்று அதே வாய்க்கால் கவர்களை ஊரணிக்குச் சுமந்துபோகிறது. பாலிதீன் தண்ணீரைவிட லேசு. மிதந்து, கரையில் ஒதுங்கி, தண்ணீர் வற்றியதும் சேற்றில் புதையும். ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தச் சேற்றில் புல் முளைக்கும்போது கவரும் புல்வேரும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். அங்கே மேயும் மாடு சோற்றுக்கு ஆசைப்படாமலே, ஒழுங்காகப் புல் மட்டும் தின்ன நினைத்தாலும், கவர் உள்ளே போகும். வரத்துக்கால் அடைபட்டால் ஊரணி நிரம்பாமல் போவது ஊருக்கே நஷ்டம்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுச் சுவரோரம் குப்பை மலையாகிறது. வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். யாரைக் கேட்பது?

நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடப்பவை. பின்தெரு முழுக்க ஆளில்லாச் சுவர். கவரை எறிவதற்கு இதைவிட வசதியான இடம் வேறு இல்லை. எறிகிறவர் வீட்டுக்காரர் அல்லர், அக்கம்பக்கத்தார்தான். சாமி படம் பதித்த டைல்ஸ் ஒட்டுவது கொஞ்சநாள் பலன் தரும், பிறகு குப்பை சாமிக்கு இரண்டடி தள்ளி விழும். அந்த இடத்தைச் சுத்தம் செய்து ஒரு விளக்கு போட்டு, குப்பை வண்டி அந்தத் தெருவுக்கும் தினம் வரும்படி செய்வதுதான் நிலைத்துப் பலன் தருகிறது. வண்டி வரும் நேரத்தில் வீட்டில் ஆளில்லாதவர்கள்தான் ராத்திரியில் எறிகிறார்கள். வார்டு உறுப்பினரிடம் நேரத்தைப் பேசி மாற்றுங்கள்.

எரித்துவிட்டால் மாடு தின்னாது அல்லவா?

மாடு தின்னாது, நீங்கள் சுவாசிப்பீர்கள். திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளே தடுத்துவிட்டன. பாதி எரிந்து உருகிய கட்டியைப் பிறகு நாய் தூக்கிக்கொண்டு போகும்.

குப்பை மேய்கிற மாட்டின் பாலைக் குடிக்கலாமா?

நான் வாங்க மாட்டேன். வண்ணக் கவர்களின் சாயத்தில் ஈயம் போன்ற கன உலோகங்கள் இருக்கலாம். ஈயம் மாட்டின் ரத்தத்தில் கலந்தால் பாலிலும் இறங்கக்கூடியது. குப்பையோடு போகும் பூச்சிமருந்தும் மாத்திரையும் தனி. உங்கள் பால்காரரிடம் "மாட்டைக் கட்டித் தீவனம் போடுகிறீர்களா?" என்று கேளுங்கள். நாலு வீட்டில் கேட்டால் அவிழ்த்துவிடுவது தானாகக் குறையும்.

மாடு வயிறு உப்பிக் கிடக்கிறது. என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

முதலில் 1962க்கு அழையுங்கள். அது கால்நடை ஆம்புலன்ஸ் எண், கட்டணம் இல்லை. பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்கும் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை மாட்டை முடிந்தால் எழுப்பி, முன்னங்கால் மேடான பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். படுத்திருந்தால் இடது பக்கம் அடியில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலையை அண்ணாந்து பிடித்து எண்ணெயோ கஷாயமோ ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விட்டால் உப்புசத்தைவிட அது சீக்கிரம் கொல்லும். வாயிலோ ஆசனவாயிலோ பிளாஸ்டிக் தொங்கினால் இழுக்கக் கூடாது. மறுமுனை குடலைச் சுற்றியிருக்கலாம். கத்தியால் விலாவில் குத்தினால் காற்று போய்விடும் என்று யாராவது சொல்வார். அது மருத்துவர் அதற்கென்று உள்ள கருவியால், அதற்கென்று உள்ள இடத்தில் செய்வது. அறுவை தேவை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டியும் வரலாம். வண்டி வாடகைக்குத் தெருவில் வசூல் செய்யத் தயங்காதீர்கள்.

நாய் தலையில் பிளாஸ்டிக் டப்பா மாட்டிக்கொண்டால்?

விரட்டாதீர்கள். கண் தெரியாமல் ஓடி வண்டியில் விழும். இரண்டு பேராகப் போய்ப் பழைய போர்வையால் உடம்பை மூடிப் பிடித்து, டப்பாவின் அடிப்பக்கத்தில், மூக்கிலிருந்து தள்ளி, முதலில் காற்றுக்கு ஒரு ஓட்டை போடுங்கள். கழுத்தைச் சுற்றி எண்ணெய் தடவி, காதுகளை மடித்துக்கொண்டு மெல்ல உருவினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் தகரம் வெட்டும் கத்தரியால் ஓரத்திலிருந்து வெட்ட வேண்டும். எடுத்ததும் கடிக்க வரலாம், தள்ளி நின்று தண்ணீர் வையுங்கள். காலி டப்பாவை எறியும்போது மூடியை இறுக்கி மூடிவிட்டால் இந்த வேலையே இல்லை.

வீட்டில் குப்பையை எப்படி வைத்துக்கொள்வது?

சமையலறையில் மூடி போட்ட ஒரு வாளி, அதில் சோறு, தோல், மீன்செதில் மட்டும். உள்ளே கவர் விரிக்காதீர்கள். ஒரு பழைய நாளிதழ் போதும். வண்டி வந்ததும் வாளியோடு கவிழ்த்துவிட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். கவர், பாக்கெட், பாட்டில் தனிச் சாக்கில், வாரம் ஒருமுறை. டயப்பர், நாப்கின், பிளேடு, ஊசி காகிதத்தில் சுற்றி மூன்றாவதாக. தூய்மைப் பணியாளர்கள் முடிச்சுப் போட்ட கவரைக் கையால் கிழித்துத்தான் உள்ளே இருப்பதைப் பிரிக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மாட்டின்மேல் இரக்கம் வராதவர்களுக்கு அவர்கள் மேலாவது வரட்டும்.

ஏற்கெனவே அலமாரியில் அடைந்து கிடக்கும் கவர்களை என்ன செய்வது?

தடை வந்தது என்று ஒரே நாளில் வெளியே கொட்டாதீர்கள். நல்லவற்றைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள். கிழிந்தவை சுத்தமாகவும் காய்ந்தும் இருந்தால் அவற்றுக்கும் போக்கிடம் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்த முறையில் பிளாஸ்டிக்கைத் துருவிச் சூடான ஜல்லியில் கலந்து சாலை போடுகிறார்கள். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததும் அதற்குத்தான். மறுசுழற்சிக்கு ஆகாததைச் சிமெண்ட் ஆலைகள் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. இரண்டுக்கும் சாம்பார் ஒட்டிய கவர் உதவாது. அரிசி கழுவிய தண்ணீரில் ஒருமுறை அலசிக் கொடியில் போட்டால் அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும்.